தேடிய தேட்டம் யாருக்கு?

நம்முடைய கல்யாணங்களில் கணக்குக்குக் குறைவே கிடையாது. எத்தனை பவுன், எத்தனை வெள்ளிப் பாத்திரம், மாப்பிள்ளைக்கு என்ன, சம்பந்திக்கு என்ன என்பதெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடிந்துவிடுகிறது. மொய் எழுதுவதற்கென்று தனியாக ஒரு நோட்டுப் புத்தகம். அதை எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாயுள்ள ஒரு மாமா. இவ்வளவு கணக்கோடு ஆரம்பித்த தம்பதிகள் பதினைந்து இருபது வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, துரதிருஷ்டவசமாகப் பிரிய நேரும்போது, "இந்த வீட்டில் எது யாருடையது?" என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு துண்டுக் காகிதங்கூட அகப்படுவதில்லை. கோர்ட்டு வாசலில் நடக்கும் சண்டையில் முக்காற் பங்கு இந்தக் காகிதம் இல்லாமையால் விளைவதே என்று சொன்னால் அது மிகையாகாது.

விவாகரத்து என்ற சொல்லைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிடுவதே தகாது என்று எண்ணும் நேயர்கள் சிலர் இருக்கக்கூடும். விவாகம் நிலைக்க வேண்டும் என்பதுதான் நமது விருப்பமும். ஆனால் வைத்தியப் புத்தகம் படிப்பதால் வியாதி வந்துவிடுவதில்லை. சட்டம் தெரியாத குடும்பத்தில் பிரிவு நேர்ந்தால், கஷ்டத்தோடு அநியாயமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அநியாயம் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ஆகையால் இவ்வாரம் இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே கவனிப்போம்.

பந்தம் விட்டது, பை விடவில்லை

1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். இரண்டு வருஷத்துக்குள், 1931-ல், பரோடா சமஸ்தானம் ஹிந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் செய்துவிட்டது. 1949-ல் சென்னை மாகாணம், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கும் இடம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. பிறகு 1955-ல் இந்தியா முழுவதற்கும் ஹிந்து விவாகச் சட்டம் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற பிரிவு 1976-ல் அதில் சேர்ந்தது.

இவ்வாறு பந்தத்தை அவிழ்ப்பதற்கு வழி செய்த நமது சட்டம், பந்தம் இருந்த காலத்தில் சேர்ந்த சொத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி அநேகமாக வாயே திறக்கவில்லை. 1955-ம் வருஷத்துச் சட்டத்தில் இதற்கென்று இருப்பது 27-வது பிரிவு ஒன்றுதான். கல்யாணத்தின்போதோ, அதை ஒட்டியோ கொடுக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைக் கோர்ட்டு பங்கிட்டுத் தரலாம் என்று அது சொல்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கும் கட்டிலும் பீரோவும் இதற்குள் அடங்கும். இருபது வருஷம் தவணை கட்டி வாங்கிய வீடு அடங்காது.

அந்த வீடு யாருடையது? பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருடையது. இதுதான் நம் தேசத்தில் பொதுவான விதி. புருஷன் பேரில் பத்திரம் இருந்தால் புருஷனுக்கு. மனைவி பேரில் இருந்தால் மனைவிக்கு. இருவர் பேரிலும் இருந்தால் இருவருக்கும். சிவில் விவாகத்துக்கான 1954-ம் வருஷத்துச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருஷத்துச் சட்டத்திலும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முஸ்லிம் ஸ்திரீகளுக்கு மஹரும், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தரப்பட்ட பொருள்களும் சொந்தம் என்று 1986-ம் வருஷத்துச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் புருஷன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் பங்கு என்று அதிலும் கிடையாது.

சொத்தில் பங்கு இல்லாதவளுக்குச் சட்டம் கொடுப்பது ஜீவனாம்சம். ஹிந்து விவாகச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி கோர்ட்டு நிரந்தர ஜீவனாம்சத்தை ஒரே தொகையாகவோ மாதாமாதமோ கொடுக்கச் சொல்லலாம். வசதியில்லாத புருஷனுங்கூட இதைக் கேட்க இடமுண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பங்கு என்பது பாத்தியதை. ஜீவனாம்சம் என்பது தேவையைப் பார்த்து, கோர்ட்டின் மனப்போக்கைப் பொறுத்துக் கிடைப்பது. பாத்தியதையைக் கேட்பவள் தலை நிமிர்ந்து கேட்கலாம். தேவையைச் சொல்பவளோ, தான் எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்பதை நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். புருஷன் காலமானால் மனைவி வாரிசு. விவாகரத்து ஆன மறுநாள் அவள் வாரிசு அல்ல. புருஷன் வீட்டுப் பூர்வீகச் சொத்தில் அவளுக்குப் பிறப்புரிமையும் இல்லை. ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு. தாய் தகப்பனார் பிரிந்தாலும் பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குள்ள உரிமை போய்விடாது. பெண் குழந்தைக்கும் அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதிலும் 2005-லும் வந்த திருத்தங்களால் ஏற்பட்டிருக்கிறது. பிரிவினைப் பேச்சின்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பவுனுக்குப் பவுன்

ஸ்திரீதனம் என்ற சொல்லை நம்மவர்கள் வரதட்சணைக்கு மறு பெயராக உபயோகிப்பது பெரிய பிசகு. வரதட்சணை என்பது பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது. 1961-ம் வருஷத்திலிருந்து அது குற்றம். ஸ்திரீதனம் என்பது பெண்ணுக்கென்று பெற்றோரும், உற்றாரும், புக்ககத்தாரும் அன்போடு கொடுத்தது. அது அவளுக்கே பூரண சொந்தம். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்டால் மட்டும் அது மாமியாருடையதாகிவிடாது. 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தது. மனைவியின் நகையைக் கையில் வைத்திருக்கும் புருஷனும் அவன் வீட்டாரும், அவள் கேட்டபோது திருப்பித் தரக் கடமைப்பட்டவர்கள். மறுத்தால் நம்பிக்கை மோசடி என்ற கிரிமினல் குற்றத்துக்கு ஆளாவார்கள்.

உரிமை இருக்கிறது, ருசுவுக்கு எங்கே போவது? இங்கேதான் அந்தத் துண்டுக் காகிதம் தேவைப்படுகிறது. 1985-ம் வருஷத்தில் சர்க்கார் ஒரு விதி செய்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு ஜாபிதாவும், பிள்ளைக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு ஜாபிதாவும் எழுதி, பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு முறை ஆகியவற்றைக் குறித்து, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த விதி. மொய்க்கு நோட்டுப் புத்தகம் போடும் நமது ஜனங்களில் எத்தனை பேர் இந்த ஜாபிதாவை எழுதுகிறார்கள்? கேட்டால், "கல்யாண வேளையில் இது என்ன அபசகுனமான பேச்சு?" என்கிறார்கள். நகைக் கடை ரசீது, கல்யாணப் போட்டோ, பாங்கு லாக்கர் புத்தகம் ஆகிய இவைதான் பிறகு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

நகையைப் பற்றி இன்னொரு விஷயம். திருப்பித் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ளும் சில புருஷர்கள், "உன் நகை அன்றைக்கு இவ்வளவு ரூபாய் பெறுமானம், இதோ அந்த ரூபாய்" என்று எண்ணி வைக்கிறார்கள். தங்கம் வாங்கிய வருஷத்து விலையில் நின்றுவிடுகிறதா என்ன? ஒரு பவுன் என்பது 8 கிராம். கொண்டுவந்தது எத்தனை பவுனோ அத்தனை பவுன், அல்லது கொடுக்கும் நாளில் அதன் விலை என்பதே நியாயம். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 89 பவுன் இழந்த ஒரு பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கஷ்ட காலத்தில் புருஷன் மனைவியின் ஸ்திரீதனத்தை எடுத்து உபயோகிக்கலாம். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கும் தார்மிகக் கடமை அவனுக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பில் வற்புறுத்தப்பட்டிருக்கிறது. கடைக்கு முதல் வேண்டும், தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்கு முன்பணம் என்று எத்தனை கழுத்துக்கள் வெறுங் கழுத்தாகியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கெல்லாம் இது நினைவிலிருக்க வேண்டிய தீர்ப்பு.

அடுப்படிக்கு என்ன மதிப்பு?

நகை இருந்தவளுக்கு நகை. நகையும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல், வீட்டைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தவளுக்கு என்ன? "நான் சம்பாதித்தேன், நான் வாங்கினேன், நீ என்ன செய்தாய்?" என்று ஒரு புருஷன் கேட்கும்போது, அந்தப் பெண்மணிக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்ததையும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதையும், நோயுற்ற மாமனாருக்குக் கஞ்சி வார்த்ததையும் ஒரு சாதனையாக அவளே எண்ணியதில்லை.

அவளுக்காகச் சென்னை ஹைக்கோர்ட்டு பதில் சொல்லியிருக்கிறது. புருஷன் அரபு நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் உழைத்துப் பணம் அனுப்பினான். மனைவி ஊரில் இருந்துகொண்டு குழந்தைகளையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டாள். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்துக்கள் யாருடையவை என்ற சண்டை முளைத்தது. இது விவாகரத்து வழக்கு அல்ல. ஆனாலும் கேள்வி ஒன்றேதான். 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதில் தீர்ப்பளித்தார். மனைவி வீட்டுக் காரியங்களைக் கவனித்ததால்தான் புருஷன் கவலையின்றி வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்பது அவர் கண்ட முடிவு. மனைவியின் உழைப்பை நேராகவோ மறைமுகமாகவோ அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நீதிபதிகள் அதை அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டுச் சிலர் புருவத்தை நெரித்தார்கள். நமக்கோ அது மிகச் சாதாரணமான நியாயமாகவே தோன்றுகிறது. இரண்டு பேர் கூட்டாக வியாபாரம் நடத்துகிறார்கள். ஒருவர் ஊர் ஊராய்ப் போய்ச் சரக்கு விற்கிறார். மற்றவர் கடையில் உட்கார்ந்து கணக்கையும் கிடங்கையும் கவனிக்கிறார். கூட்டு முறியும்போது, "சரக்கு விற்றவன் நான்; லாபமெல்லாம் எனக்கே" என்று முதலாமவர் சொன்னால் நாலு பேர் ஒப்புக்கொள்வார்களா? குடித்தனத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

கோவாவும் யாழ்ப்பாணமும்

தம்பதிகள் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்ற எண்ணம் ஏதோ மேல்நாட்டிலிருந்து புதிதாக இறக்குமதியான சரக்கு என்று நினைக்க வேண்டாம். நமது தேசத்துக்குள்ளேயே கோவாவில் அது அமலில் இருக்கிறது. போர்த்துகீசியர் 1867-ல் செய்த சிவில் சட்டம் அங்கே 1870 முதல் நடைமுறைக்கு வந்தது. 1961-ல் கோவா விடுதலையடைந்த பிறகும் அதன் குடும்பச் சட்டங்கள் நீடித்தன. கல்யாணத்துக்கு முன் வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், தம்பதிகளின் ஆஸ்தி முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து ஆளுக்குப் பாதி என்று ஆகிவிடுகிறது. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் நிலத்தையோ வீட்டையோ விற்க முடியாது. பிரிந்தால் பாதிக்குப் பாதி. கோவா ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இதே விதிக்கு உட்பட்டுத்தான் குடித்தனம் செய்கிறார்கள். கோவாவில் அதனால் குடும்பங்கள் குட்டிச்சுவராகிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

இன்னும் நமக்கு நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்குள்ள தமிழர்களின் பழைய வழக்கத்தை டச்சுக்காரர்கள் 1707-ல் எழுதித் தொகுத்தார்கள். தேசவழமை என்று அதற்குப் பெயர். ஆங்கிலேயரும் 1806-ல் அதைச் சட்டமாக ஒப்புக்கொண்டார்கள். அந்த வழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கும் அழகைப் பாருங்கள். புருஷன் தன் முன்னோரிடமிருந்து கொண்டுவந்தது முதுசம். மனைவி பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது சீதனம். இருவரும் வாழ்ந்த காலத்தில் சேர்த்தது தேடிய தேட்டம். முதுசம் அவன் வழிக்கு. சீதனம் அவள் வழிக்கு. தேடிய தேட்டம் இருவருக்கும். ஒருவர் தேடி ஒருவர் பேரில் வைத்திருந்தாலும் இருவரும் அதற்குச் சமமான உரிமையுடையவர்கள் என்று 1911-ம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லிற்று. 1947-ல் வந்த திருத்தம் அந்தப் பொதுமையைக் குறுக்கிவிட்டது. மனைவி தன் நிலத்தை விற்பதற்குப் புருஷனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்ற குறையும் அந்தச் சட்டத்தில் உண்டு. அதையெல்லாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் பங்கிடுவதற்கு அது காட்டும் வழி, எந்த மேல்நாட்டுச் சட்டப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல.

டில்லிப் பார்லிமெண்டும் ஒரு முறை இந்த விஷயத்தின் வாசற்படி வரையில் வந்தது. 2010-ல் கொண்டுவரப்பட்ட விவாகச் சட்டத் திருத்த மசோதா, விவாகரத்தின்போது புருஷனுடைய ஸ்தாவர சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தரக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கும் பிரிவுடன், 2013 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் நிறைவேறியது. லோக சபையில் நிறைவேறுமுன் 2014-ல் அச்சபையின் காலம் முடிந்தது. மசோதாவும் காலாவதியாயிற்று.

பங்கு போடுவது எப்படி?

சட்டம் வரும் வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மனமொத்துப் பிரிகிறவர்கள் நியாயமான பங்கைத் தாங்களே எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எப்படிப் போடலாம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு தம்பதிகள் 40 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கினார்கள். மனைவி கொண்டுவந்த 50 பவுனில் 30 பவுனை விற்று வந்த 6 லட்சம். புருஷன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 4 லட்சம். பாங்குக் கடன் 30 லட்சம். பத்திரம் புருஷன் பேரில். இன்றைக்கு வீட்டின் மதிப்பு 90 லட்சம். பாங்குக்கு இன்னும் 15 லட்சம் பாக்கி. புருஷனுடைய பிராவிடண்டு பண்டில் 20 லட்சம். அதில் 4 லட்சம் கல்யாணத்துக்கு முந்தியது. அவனுக்குக் கிராமத்தில் பூர்வீக நிலமும் உண்டு.

முதலில் தனிச் சொத்தை ஒதுக்க வேண்டும். பூர்வீக நிலம் பங்குக்கு வராது. அதில் குழந்தைகளின் பாத்தியதை அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்திய 4 லட்சம் புருஷனுக்கு. மிஞ்சியிருக்கும் 20 பவுன் நகை மனைவிக்கு. விற்றுப்போன 30 பவுன்? அது வீட்டு விலையில் நூற்றுக்கு 15 பங்காக நுழைந்திருக்கிறது. ஆகவே இன்றைய 90 லட்சத்தில் நூற்றுக்கு 15, அதாவது 13½ லட்சம், அவளுடைய தனிப் பங்கு.

இனிப் பொதுச் சொத்து. 90 லட்சத்தில் கடன் 15 லட்சம் போக 75 லட்சம். மனைவியின் 13½ லட்சமும் போக மீதி 61½ லட்சம். இதில் ஆளுக்குப் பாதி 30¾ லட்சம். பிராவிடண்டு பண்டில் குடித்தன காலத்தில் சேர்ந்த 16 லட்சத்தில் ஆளுக்கு 8 லட்சம். ஆகக் கூடி மனைவிக்கு 52¼ லட்சம். புருஷனுக்கு 42¾ லட்சம். வீட்டைப் புருஷனே வைத்துக்கொண்டு கடனையும் ஏற்றுக்கொள்வதானால், மனைவிக்கு 52¼ லட்சத்தைக் கொடுத்துவிட வேண்டியது. அவ்வளவு முடியாதென்றால் வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியை இந்தக் கணக்குப்படி பிரித்துக்கொள்ள வேண்டியது. குழந்தைகளின் படிப்பும் பராமரிப்பும் இதில் சேராது. அது இருவருடைய சம்பாத்தியத்தையும் பார்த்துத் தனியாக நிர்ணயிக்க வேண்டிய கடமை.

மனைவிக்குக் கூடுதலாகப் போய்விட்டதே என்று யாராவது நினைத்தால், அவளுடைய 30 பவுனை மறுபடி எண்ணிப் பார்க்கட்டும். மனைவி உத்தியோகம் பார்த்து, புருஷன் வீட்டைக் கவனித்திருந்தாலும் நாம் போடும் கணக்கு இதுவேதான். இதில் நாம் செய்திருப்பதெல்லாம் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாய்ப் பிரித்ததுதான்.

கையெழுத்திடுமுன்

மனமொத்த விவாகரத்துக்கு, ஒரு வருஷம் தனித்து வாழ்ந்த பிறகு இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க சந்தர்ப்பத்தில் கோர்ட்டு அந்தக் கெடுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் நமது பெண்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்கு ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்." அந்த ஒரு வாக்கியத்தை வக்கீல் சட்ட பாஷையில் எழுதி, இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் எல்லாவற்றுக்குமான பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாக ஆக்கிவிடுகிறார். மனம் ஆறிய பிறகு, வாடகை கொடுக்க வேண்டிய முதல் தேதியில்தான் அதன் அர்த்தம் விளங்கும். சலித்துப்போன மனத்தோடு சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கையெழுத்திடுமுன் ஒரு வாரமாவது பொறுத்து, தனக்கென்று தனி வக்கீல் ஒருவரிடம் காட்ட வேண்டும்.

எதிர்க்கட்சியின் சொத்து விவரம் தெரியாமல் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது போலத்தான். ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விதித்திருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே பேசுகிறவர்களும் அதே மாதிரி எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ், பங்குப் பத்திரங்கள், நகை அடகுச் சீட்டு, கைமாற்றுக் கடன் ஒன்றையும் விடக் கூடாது.

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், "இனி அவர் கட்டுவார்" என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதிக்கொள்வது பாங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் பாங்குக்காரர் இவளிடமும் வருவார். கடனைத் தீர்த்துவிடவோ, பாங்கின் சம்மதத்துடன் ஒருவர் பெயரை நீக்கவோ செய்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ், பாங்கு, பிராவிடண்டு பண்டு முதலியவற்றில் வாரிசாக நியமித்திருக்கும் பழைய பெயர்களை மாற்றுவதையும் மறக்கலாகாது. வழக்கு முடியும் வரையில் இருக்க இடம் இல்லையே என்று பயப்படும் பெண்களுக்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கூடி வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் வசிக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு என்பது நினைவிருக்கட்டும்.

இவையெல்லாம் வியாதி வந்த பிறகு செய்யும் வைத்தியம். வருமுன் காப்பதற்கு மூன்று காரியங்கள் போதும். கல்யாணத்தன்று மொய் நோட்டுக்குப் பக்கத்தில் பரிசு ஜாபிதா ஒன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வீடோ மனையோ வாங்கும்போது இருவர் பேரிலும் பத்திரம் செய்யுங்கள். மனைவியின் நகை குடும்பக் காரியத்துக்குப் போனால், எத்தனை பவுன், எதற்காக என்று ஒரு வரி எழுதித் தேதி போட்டு வையுங்கள். ஒற்றுமையாக வாழும் தம்பதிகளுக்கு இவற்றால் ஒரு நஷ்டமும் இல்லை.

பார்லிமெண்டு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தேடிய தேட்டம் இருவருக்கும் சமம் என்ற ஒரு வாசகத்தை விவாகச் சட்டங்களில் சேர்க்க வேண்டும். 2014-ல் கைவிடப்பட்ட காரியத்தை மறுபடி எடுக்கும்படி தங்கள் தொகுதி அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுத நமது நேயர்களால், முக்கியமாக நமது சகோதரிகளால், முடியாதா? இவ்வாரமே எழுதலாம்.